தெரியாதவரிடம் பேசும் குழந்தை

(ஆண்டர்சன்பேட்டையில் நடந்த அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையிலிருந்து சற்றே திருத்தி இங்கே தரப்படுகிறது.)

தாய்மார்களுக்கும், பின்வரிசையில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு 'இந்த மாமா எப்போது முடிப்பார்' என்று காத்திருக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவன். அதன்பின் சில வருஷம், மனக் கஷ்டத்தில் கூப்பிடுகிறவர்களுக்குக் காது கொடுக்கும் ஒரு தொலைபேசி சேவையில் தன்னார்வலராக உட்கார்ந்தவன். பரீட்சைப் பேப்பர் திருத்தியிருக்கிறேன். மார்க்கால் உடைந்துபோன குழந்தைகளின் குரலையும் பின்னாளில் கேட்டிருக்கிறேன். எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

உங்கள் செயலாளர் கொடுத்த தலைப்பு நீளமானது: 'இளைஞர்களின் மனநலத்துக்கு இணையமும் தொலைபேசியும் தரும் உதவிகள்'. அதை நான் ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொண்டேன். நம் வீட்டுக் குழந்தை, நம்மிடம் சொல்லாததை முகம் தெரியாத ஒருவரிடம் போனிலோ கம்ப்யூட்டரிலோ சொன்னால், நாம் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

எனக்கு உறவு முறையில் ஒரு பெண்மணி. இந்த ஊர் இல்லை, வேறு ஊர். ஒரு நாள் ராத்திரி எனக்குப் போன் செய்தாள். என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படிக்கும் பிள்ளையின் போனைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறாள். அதில் ஓர் உதவி எண்ணுக்கு நாலு தடவை கூப்பிட்ட அடையாளம். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். 'மாமா, நாங்கள்லாம் இல்லையா? அம்மாகிட்ட சொல்ல முடியாதது என்ன இருக்கு? யாரோ மூணாம் மனுஷாகிட்டப் போய்ச் சொல்லியிருக்கானே' என்று ஒரே அழுகை. பின்னாலிருந்து அவள் அகத்துக்காரர், 'போனைப் பிடுங்கி வை, எல்லாம் அந்தச் சனியனால வந்தது' என்கிறார்.

அவளுக்கு நான் சொன்னது இரண்டே வார்த்தை. 'போனைப் பிடுங்காதே. நாலு தடவை கூப்பிட்டிருக்கான்னா, நாலு தடவை பிழைக்கணும்னு நினைச்சிருக்கான்னு அர்த்தம்.' அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அந்தப் பிள்ளை ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை? பாசம் இல்லாமலா? இல்லை. அங்கே உட்கார்ந்து கேட்ட அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலான குழந்தைகள் மறைப்பது அன்பில்லாமல் அல்ல. நம்மைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்றுதான். 'அப்பா லோன் போட்டுப் படிக்க வைக்கிறார்.' 'அம்மாவுக்கு பி.பி. இருக்கு.' 'தாத்தா ஊரெல்லாம் என்னைப் பத்திப் பெருமையாச் சொல்லிண்டிருக்கார்.' இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நம்மிடம் சொன்னால் நாம் அழுவோம், பயப்படுவோம், உடனே ஒரு தீர்ப்புச் சொல்வோம், அல்லது ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். பரிகாரம் செய்கிறவர்கள் செய்துகொள்ளுங்கள், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் குழந்தை ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் நாம் நாலு காரியம் தொடங்கிவிடுகிறோம். மறுமுனையில் இருக்கும் முகம் தெரியாத மனுஷருக்கோ நம் குழந்தையின் மார்க் ஷீட்டைப் பற்றிக் கவலை இல்லை, அத்திம்பேர் பிள்ளையோடு ஒப்பிடத் தெரியாது, வரன் பார்க்கும்போது இது வெளியே தெரியுமே என்ற பயம் கிடையாது. அதனால்தான் அவரிடம் வாய் திறக்கிறது.

இது ஒன்றும் இன்றைய மோகம் அல்ல. லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953-ல் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு 'யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்' என்று அறிவித்தார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பாக வளர்ந்தது. அவர்கள் 1994-லேயே மின்னஞ்சலுக்கும் பதில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கத்தில், சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் 'ஸ்நேகா'வைத் தொடங்கினார். தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களின் பேச்சைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் பொறுமையாகக் கேட்பதுதான் அங்கே வேலை. புத்திமதி கிடையாது, உபன்யாசம் கிடையாது. கேட்பது மட்டும்தான். வெளியிலிருந்து பார்த்தால் சுலபமான வேலைபோல இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும், முதல் மாதத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பதற்கே பழக வேண்டும். வாத்தியாருக்கு அது இன்னும் கஷ்டம்!

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

ஆண்டர்சன்பேட்டையில் இதை ஏன் பேச வேண்டும்? இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சாம்பியன் சுரங்கம் உட்பட எல்லாம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு நின்றன. அந்த வருஷம் பிறந்த குழந்தை இன்று இருபதுகளின் நடுவில் இருக்கிறது. அந்தத் தலைமுறைக்குச் சங்குச் சத்தமும் ஷிப்டும் தாத்தா சொல்லும் கதை. அவர்களுக்குத் தெரிந்தது விடியற்காலை ரயில். மாரிகுப்பத்தில் கிளம்பி, சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காரப்பேட்டை என்று பெங்களூருக்குப் போய், வேலையோ படிப்போ முடித்து, ராத்திரி வீடு திரும்புகிறார்கள். போக வர நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல். திரும்பி வரும்போது வீட்டில் பாதிப் பேர் தூங்கியாகிவிட்டது. 'சாப்பிட்டாயா', 'கதவைத் தாழ்ப்பாள் போடு' என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் எப்போது பேசுவது? பெங்களூரிலேயே பி.ஜி.யில் தங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால், அன்று துணி துவைக்கவே நேரம் சரியாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், ஊர் சின்னது. இங்கே ஒருவர் மனநல டாக்டரைப் பார்க்க வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்தால், வெளியே வருவதற்குள் மூன்று தெரிந்த முகம். சாயங்காலத்துக்குள் ராபர்ட்சன்பேட்டை வரை செய்தி போய்விடும். பெரிய ஊரில் கூட்டத்தில் மறைந்துகொள்ளலாம். சின்ன ஊரில் முடியாது. ஆகவே இணைய உதவி பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம் என்றால், நம் பிள்ளைகளுக்கு அது பல நேரம் ஒரே வழி. வீடுகளும் சிறியவை. அடுத்த அறையில் பாட்டி, நடுவில் ஒரு திரை. போனில் பேச முடியாத குழந்தை எழுத்தில் சாட் செய்யலாம். ரயிலில் நின்றுகொண்டே கூடத் தட்டலாம், பக்கத்தில் இருப்பவர் சினிமா பார்க்கிறான் என்று நினைத்துக்கொள்வார்.

பாஷை விஷயமும் இருக்கிறது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், படிப்பு இங்கிலீஷ். 'டிப்ரஷன்' என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கு அதை அம்மாவிடம் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரிவதில்லை. நம்மிடம் வார்த்தை இல்லாமல் இல்லை. 'மனசு பாரமா இருக்கு', 'எதுலயும் பிடிப்பு இல்லை', 'ராத்திரி முழுக்க முழிச்சிண்டே இருக்கேன்' என்பதெல்லாம் அதேதான். ஆனால் இதைச் சொன்னால், 'எல்லாருக்கும்தான் இருக்கு, போய் முகம் கழுவிண்டு விளக்கேத்து' என்று பதில் வருகிறது. விளக்கேற்றுவது நல்ல காரியம்தான். இந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை.

எத்தனை பேருக்கு இந்தக் கஷ்டம் என்று கேட்பீர்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 7.3 சதவிகிதத்தினருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்னை இருந்தது தெரிந்தது. நாற்பது பேர் வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று பேர். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பிரச்னைகளில் 85 சதவிகிதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றும் அதே கணக்கெடுப்பு சொன்னது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். இந்த எண்ணைக் கணக்கு வாத்தியாராகப் பலமுறை பார்த்துவிட்டேன். சராசரியாக ஒரு நாளைக்கு 35-க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. 'பரீட்சையில் பெயில், அதனால் போனான்' என்று பேப்பரில் ஒரு வரியில் போடுவது தப்பு. பல கஷ்டங்கள் சேர்ந்து, சரியான நேரத்தில் ஒருவரும் அகப்படாமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

பரீட்சை என்றதும் ஒரு சேதி. கர்நாடகத்தில் 2024 முதல் எஸ்.எஸ்.எல்.சி.க்கும் இரண்டாம் பி.யூ.சி.க்கும் ஒரே வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வு வைக்கிறார்கள். நல்ல மார்க்கை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2017-லிருந்து பொதுத் தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். அரசாங்கமே பெருமூச்சு விட இடம் கொடுத்திருக்கிறது. நம் வீட்டுக் கூடத்தில்தான் ரேங்க் லிஸ்ட் இன்னும் ஒட்டியிருக்கிறது.

சரி, உதவி எங்கே கிடைக்கும்?

பேனா வைத்திருப்பவர்கள் ஒரு எண் எழுதிக்கொள்ளுங்கள். 14416. ஐந்தே இலக்கம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை. 2022 பட்ஜெட்டில் அறிவித்து, அதே வருஷம் அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கினார்கள். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. இதற்குத் தலைமை நிலையம் நம் நிம்ஹான்ஸ்தான். தொழில்நுட்பத்துக்கு பெங்களூர் ஐ.ஐ.ஐ.டி. துணை நிற்கிறது. தமிழ்நாட்டில் இதே சேவைக்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. 2024 அக்டோபருக்குள் நாடு முழுவதும் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்திருந்தன. 14 லட்சம் தடவை யாரோ ஒருவர் போனை எடுத்து, தயங்கி, வைத்துவிடாமல் பேசியிருக்கிறார்.

அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், குழந்தைகளும் கேளுங்கள். கூப்பிட்டதும் பதிவு செய்த குரல் மொழியைக் கேட்கும். இருபது மொழிகள், தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு. பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். பலருக்கு அந்தப் பேச்சே அப்போதைக்குப் போதும். அதற்கு மேல் தேவை என்றால் மனநல நிபுணரிடம் இணைப்பார்கள், அல்லது நேரில் போக வேண்டிய ஆஸ்பத்திரியைச் சொல்வார்கள். தேவைப்பட்டால் பின்னால் அவர்களே கூப்பிட்டு விசாரிப்பதும் உண்டு. 2024 அக்டோபரில் செல்போன் செயலியும் வந்தது. வீடியோவில் நிபுணரைப் பார்க்கும் வசதியை முதலில் தொடங்கிய மூன்று இடங்களில் கர்நாடகமும் தமிழ்நாடும் உண்டு, மூன்றாவது ஜம்மு-காஷ்மீர்.

இந்த ஊருக்கு சிவசமுத்திரத்திலிருந்து 1902-ல் கரண்ட் வந்தது, பெங்களூருக்கே அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் விளக்கு எரிந்தது என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அன்று கம்பி வழியாக இங்கே முதலில் வந்தது வெளிச்சம். இன்று ஓசூர் ரோடு நிம்ஹான்ஸின் ஆலோசனை கம்பிகூட இல்லாமல் வருகிறது, நாம்தான் எடுத்துக்கொள்ளத் தயங்குகிறோம்.

தயக்கத்துக்குக் காரணம் தெரிந்ததே. சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே வசவு. இந்தப் பக்கத்தில் 'நிமான்ஸ் கேஸ்' என்பார்கள். இப்படிக் கேலி பேசுகிற வாய்கள் நம் கூடங்களிலும் உண்டு. நாம் விளையாட்டாகச் சொல்வதை, பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கும் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது. தனக்கு அப்படி ஒன்று வரும்போது யாரிடம் சொல்லக் கூடாது என்று அப்போதே அது தீர்மானம் செய்துவிடுகிறது.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயமும் இருக்கிறது. ஒரு காலத்தில் தற்கொலை முயற்சியே குற்றம். 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் மற்ற வியாதிகளைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே மனநலச் சட்டத்தில் இருக்கிறது. பாலிசி வைத்திருப்பவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அரசாங்க சேவை தவிர மற்றவையும் உண்டு. மும்பை டாடா சமூக அறிவியல் கழகம் 2012-ல் 'ஐகால்' தொடங்கியது. தொலைபேசியோடு மின்னஞ்சல், சாட் என்று எழுத்து வழியையும் அது சேர்த்துக்கொண்டது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் எந்த ஆபத்துக்கும் 1098-ஐக் கூப்பிடலாம். பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை தரும் செயலிகளோ ஏராளம். அவற்றில் ஒரு ஜாக்கிரதை: 'கவுன்சிலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிற நிலை நம் நாட்டில் இருந்திருக்கிறது. கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா என்று கேளுங்கள். மருந்து எழுதுகிறவர் பதிவு பெற்ற மருத்துவராகத்தான் இருக்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதீர்கள். 2020-ல் வந்த டெலிமெடிசின் நெறிமுறைப்படி, பதினெட்டு வயது ஆகாத குழந்தையை டாக்டர் ஆன்லைனில் பார்க்கும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். ஆகவே, எல்லாம் நமக்குத் தெரியாமலே நடந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். பேசுவதற்கு நம் அனுமதி வேண்டாம். சிகிச்சை என்று வரும்போது நம் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

அடுத்தது, பின்வரிசைக்கு நேராக ஒரு விஷயம். உங்களில் சிலர் ராத்திரி இரண்டு மணிக்கு சாட்ஜிபிடி போன்ற யந்திரத்திடம் மனசைக் கொட்டுகிறீர்கள். எனக்குத் தெரியும். தப்பென்று நான் சொல்லப் போவதில்லை. டைரி எழுதுவதுபோல அதுவும் ஒரு வழி. பெங்களூரில் உருவான 'வைசா' என்ற செயலியில் ஒரு பெங்குவின் பறவை வந்து பேசும், மனப்பயிற்சிக்கென்றே வடிவமைத்தது. ஆனால் யந்திரத்தின் சுபாவத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பொதுவாகப் பேசுவதற்காகச் செய்தவை உங்களுக்கு இதமாகவே பதில் சொல்லப் பார்க்கும். நீங்கள் இருட்டுப் பக்கம் போனால் கூடவே நடந்து வரவும் கூடும். அமெரிக்காவில் சாப்பாட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கு உதவும் ஒரு சங்கம் 2023-ல் தன் உதவி மேடையில் வைத்த யந்திரம், அவர்களிடமே உடம்பு இளைக்க யோசனை சொன்னது. உடனே அதை நீக்கினார்கள். 2025 ஆகஸ்டில் கலிபோர்னியாவில், இறந்துபோன 16 வயதுப் பையனின் பெற்றோர் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். அவன் பல மாதம் அந்த யந்திரத்தோடு பேசியிருந்தான். வழக்கின் நியாயத்தைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். நான் சொல்வது இவ்வளவுதான்: யந்திரம் உங்களை நினைத்துக் கவலைப்பட்டு மறுநாள் காலையில் போன் செய்யாது. உயிர் பற்றிய பேச்சு வரும்போது மறுபக்கத்தில் மூச்சு விடுகிற ஆள் வேண்டும்.

மனுஷர்கள் நடத்தும் சேவைக்கும் எல்லை உண்டு. கூப்பிட்டால் சில நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். முதலில் கிடைக்கிற ஆலோசகர் மனசுக்கு ஒத்துவராமல் போகலாம். இன்னொரு தடவை கூப்பிட வேண்டியதுதான். போனில் நாடி பார்க்க முடியாது. தூக்கம் வாரக்கணக்கில் போய்விட்டது, காதில் குரல் கேட்கிறது, சாப்பாடே இறங்கவில்லை, உயிரை விடுவதைப் பற்றிப் பேசுகிறான் என்றால் நேரில் டாக்டர்தான். கோலார் எஸ்.என்.ஆர். மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது, டமகாவில் தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஜாலப்பா ஆஸ்பத்திரி இருக்கிறது, பெங்களூரில் நிம்ஹான்ஸ். மாவட்ட அளவில் மனநல சிகிச்சை என்ற யோசனையே நிம்ஹான்ஸ் எண்பதுகளில் நம் மாநிலத்துப் பெல்லாரியில் செய்துபார்த்து, 1996-லிருந்து நாடெங்கும் பரவியதுதான். உடனடி ஆபத்து என்றால் யோசிக்காமல் 108 அல்லது 112. அந்த நேரத்தில் குழந்தையைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான எதுவும் கைக்கெட்டும்படி வைக்காதீர்கள்.

'சாகணும்னு தோணறதா' என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா என்று ஒரு மாமி முன்பு கேட்டார். விதைக்காது. உலக சுகாதார நிறுவனமும் இதையேதான் சொல்கிறது. நேராக, மெதுவாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டபோது மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு வரும். நான் பல தடவை கேட்ட சத்தம் அது. 'அப்பாடா, ஒருத்தராவது கேட்டாரே' என்கிற மூச்சு.

அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்று உங்களில் சிலர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அம்மாக்காரி போனைப் பிடுங்கவில்லை. பார்த்ததைச் சொல்லவும் இல்லை. நாலைந்து நாள் ராத்திரி அவன் அறை வாசலில் ஒரு டம்ளர் பால் வைத்துவிட்டு, 'ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் இங்கதான் இருக்கேன்' என்று மட்டும் சொன்னாளாம். போனில் பேசிய ஆலோசகரும் 'வீட்டில் ஒருவரிடமாவது சொல்லு' என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பத்து நாள் கழித்து அவனே வந்து உட்கார்ந்தான். ஏழு பேப்பர் அரியர். அதைவிட, ஒரு வருஷமாக எதிலும் மனசு ஒட்டவில்லை என்பதுதான் விஷயம். டாக்டரிடம் போனார்கள். மருந்து நடக்கிறது. ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி மறுபடி சேர்ந்திருக்கிறான். அப்பாவுக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை, அவர் இப்போதும் 'அந்த மூணாம் மனுஷா' என்றுதான் சொல்கிறார். ஆனால் மாத்திரை தீர்வதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வாங்கி வைப்பது அவர்தான்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு ஏற்பாடு, அவரிடம் முன்பே அனுமதி வாங்கிவிட்டேன். அடுத்த அரை மணி நேரம் இந்த ஹால் பிள்ளைகளுக்கு. பெங்களூரிலிருந்து என்னோடு வந்திருக்கும் இரண்டு ஆலோசகர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். தமிழிலோ கன்னடத்திலோ இங்கிலீஷிலோ கேட்கலாம். வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தால் துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதிக் கொடுக்கலாம். உள்ளே என்ன பேசினார்கள் என்று பிற்பாடு யாரும் விசாரிக்க வேண்டாம். பெரியவர்கள் எல்லோரும் என்னோடு வெளியே வாருங்கள். கதவைச் சாத்திவிட்டு வரலாம். காப்பி தயாராக இருக்கிறது.